லக்ஸரில் இரண்டு நாள்: வெயிலைக் கணக்குப் போட்டுச் சுற்றிப் பார்க்க முழுமையான வழிகாட்டி

எகிப்தில் உள்ள லக்ஸருக்கு மூன்று முறை போயிருக்கிறேன். முதல் தடவை தனியாகப் போய் எல்லாத் தப்பையும் நானே செய்தேன். அடுத்த இரண்டு தடவையும் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். அதே தப்புகளை அவர்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். என்ன பார்க்க வேண்டும் என்று எல்லாரும் பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறோம். எந்த இடத்தில் எந்த நேரம் நிழல் விழும் என்று யாரும் கேட்பதில்லை. ஓட்டலில் நிதானமாகக் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பதினோரு மணிக்குப் பாறைப் பள்ளத்தில் போய் நிற்கிறோம்.

ஊரின் அமைப்பு எளிது. நைல் நதியின் கிழக்குக் கரையில் ஊர், கர்னக் கோயில், லக்ஸர் கோயில், அருங்காட்சியகம். மேற்குக் கரையில் மன்னர்களின் பள்ளத்தாக்கு, ஹட்செப்சுட் அரசியின் கோயில், மெதினெட் ஹாபு, இன்னும் பல கல்லறைகள். மேற்குக்கு ஒரு நாள், கிழக்குக்கு ஒரு நாள். இரண்டையும் ஒரே நாளில் கலக்காதீர்கள்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜனவரியில் பகல் வெப்பம் 23 டிகிரி போல இருக்கும். இரவில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும் என்பதால் ஒரு ஸ்வெட்டர் தேவை. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பகல் உச்சம் சராசரியாகவே 40 டிகிரியைத் தாண்டும்.

பிள்ளைகளின் பள்ளி லீவை ஒட்டி மே மாதம்தான் முடியும் என்றால் போகலாம். கூட்டம் குறைவு, அறை வாடகையும் குறைவு. ஆனால் கீழே சொல்லியிருக்கும் நேரக் கணக்கில் அப்போது அரை மணி நேரம்கூட விட்டுக்கொடுக்க முடியாது. ரமலான் மாதத்தில் பல இடங்களைச் சீக்கிரம் மூடுவார்கள். தேதி குறிக்கும்போதே அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

வங்கி அட்டை. பெரிய இடங்கள் பெரும்பாலானவற்றில் டிக்கெட் கவுன்ட்டரில் பணம் வாங்குவதில்லை, அட்டை மட்டும்தான். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் போய் நாம்தான் இயக்க வேண்டும். இதைச் செய்யாமல் வந்து, காலை ஆறு மணிக்கு வரிசையின் முன்னால் நின்று, ஊரில் தூங்கிக்கொண்டிருக்கும் மகனைப் போனில் எழுப்பியவரை நேரில் பார்த்திருக்கிறேன். விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டை இரண்டு இருக்கட்டும். ஒன்று மறுத்தால் இன்னொன்று.

சில்லறை. டிக்கெட்டுக்கு அட்டை, மற்ற எல்லாவற்றுக்கும் 10, 20 பவுண்டு நோட்டுகள். பேட்டரி வண்டி, கழிவறை, படகு, பக்ஷீஷ் (சின்ன உதவிக்குக் கொடுக்கும் அன்பளிப்புக் காசு) எல்லாமே சில்லறையில்தான் ஓடும். 200 பவுண்டு நோட்டை நீட்டினால் யாரிடமும் மீதி இருக்காது. இருந்தாலும் வராது.

துண்டு. தொப்பியைவிட நம்ம ஊர் வெள்ளைப் பருத்தித் துண்டுக்குத்தான் என் ஓட்டு. நனைத்துப் பிழிந்து தலையிலும் பிடரியிலும் போட்டால், அந்த வறண்ட காற்றில் ஈரம் ஆவியாகும்போது நன்றாகக் குளிர்ந்து இருக்கும். சென்னையில் இந்த வித்தை இவ்வளவு வேலை செய்யாது, காற்றிலேயே ஈரம் அதிகம். இங்கே கால் மணியில் துண்டு காய்ந்துவிடும், மறுபடி நனைக்க வேண்டும்.

உடை. முழுக்கை பருத்திச் சட்டை, தொளதொள கால்சட்டை. சுடிதார் ரொம்பப் பொருத்தம். வெயிலில் தோல் வெளியே தெரியாமல் இருப்பதுதான் குளிர்ச்சி. உள்ளூர்க்காரர்கள் கணுக்கால் வரை தொங்கும் அங்கி போடுவது சும்மா இல்லை. காலுக்கு மூடிய ஷூ. தரை முழுக்கப் பொடிக்கல்லும் மணலும், சாதாரணச் செருப்புக்குள் புகுந்துகொண்டே இருக்கும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஆளுக்கு நாலைந்து ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். ஏன் என்று எட்டாவது பகுதியில் சொல்கிறேன். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சில அழுத்த மாத்திரைகள் உடம்பிலிருந்து நீரை இறக்கும் வகை.

3. தங்கும் இடம்: எந்தக் கரை?

புதிதாக வருபவர்கள் கிழக்குக் கரையில்தான் அறை போடுவார்கள். கடைகளும் ரயில் நிலையமும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அங்கிருந்து காரில் பள்ளத்தாக்குக்குப் போக, ஊருக்குத் தெற்கே தள்ளியிருக்கும் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். காலையில் அந்த முக்கால் மணி நேரம் தங்கம்.

முதல் இரண்டு இரவும் மேற்குக் கரையில் தங்குங்கள். வயல்களுக்கு நடுவே சின்னச் சின்ன விடுதிகள் நிறைய உண்டு. கிழக்குக்குப் போக மக்கள் படகு இருக்கிறது. லக்ஸர் கோயிலுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும், சில நிமிடப் பயணம், கட்டணம் சொற்பம். படகுத்துறையில் “படகு இன்றைக்கு ஓடாது, என் மோட்டார் படகில் வாங்க” என்பவரை நம்ப வேண்டாம். அவருக்குப் பின்னால் படகு நிற்கும்.

4. வந்து சேர்ந்த நாள்: மூன்று வேலை மட்டும்

முதல் வேலை, மறுநாள் காலைக்கு வண்டி பேசுவது. போகும் இடங்களை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லி, மொத்தத்துக்கும் ஒரு தொகை பேசுங்கள். இரண்டு மூன்று பேரிடம் விசாரித்துவிட்டுப் பேசுவது நல்லது. அந்தத் தொகை வண்டிக்கா, ஆளுக்கா என்று கட்டாயம் கேளுங்கள். எகிப்து பவுண்டிலா டாலரிலா என்பதையும் கேட்டுவிடுங்கள். இறங்கும்போது வரும் சண்டைகளில் பாதி இந்த இரண்டு கேள்வியைக் கேட்காததால் வருபவை.

இரண்டாவது வேலை, பெரிய நோட்டுகளைச் சில்லறையாக்குவது. மளிகைக் கடையில் ஆறு பாட்டில் தண்ணீர் வாங்கினால் வேலை முடிந்தது. மீதி வாங்கும்போது 50 பவுண்டுக்குப் பதில் 50 பியாஸ்டர் நோட்டு வருகிறதா என்று பாருங்கள். 100 பியாஸ்டர்தான் ஒரு பவுண்டு. அவசரத்தில் 50 என்ற எண் மட்டுமே கண்ணில் படும்.

மூன்றாவது வேலை, லக்ஸர் கோயில். இருட்டிய பிறகும் திறந்திருக்கும் கோயில் இது. விளக்கொளியில் சிற்பங்களின் வெட்டு ஆழமாகத் தெரியும், தரையின் சூடும் இறங்கியிருக்கும். பகலில் போய் இதை வீணாக்காதீர்கள். உள்ளே அபு ஹக்காக் மசூதியின் ஒரு கதவு, சுவரில் அந்தரத்தில் தொங்குவதுபோல் உயரத்தில் இருப்பதைப் பாருங்கள். மசூதி கட்டிய காலத்தில் மண் அந்த மட்டம் வரை மேடு போட்டிருந்தது. கோயிலை முழுக்கத் தோண்டி எடுத்த பிறகு கதவு மேலேயே நின்றுவிட்டது.

5. முதல் நாள், காலை ஐந்தரை: மன்னர்களின் பள்ளத்தாக்கு

வாசல் ஆறு மணிக்குத் திறக்கிறது. ஆறுக்கே அங்கே இருங்கள். கிழக்குப் பக்கக் குன்றின் நிழல் பள்ளத்தில் கிடக்கும் நேரம் அது. ஒன்பதுக்கு மேல் சுண்ணாம்புக் கல் சுவர்கள் வெப்பத்தைத் திருப்பி அடிக்க ஆரம்பிக்கும். மரமும் கிடையாது, காற்றும் கிடையாது. இதே காரணத்துக்காகத்தான் பலூன் சவாரியை இந்த நாளில் வைக்காதீர்கள் என்கிறேன். பலூன் விடியலில் ஏறி இறங்கி முடிவதற்குள் உங்கள் நல்ல நேரம் போய்விடும். அதற்கு மூன்றாவது நாள் ஒன்றை ஒதுக்குங்கள்.

பொது டிக்கெட்டில் மூன்று கல்லறைகள் பார்க்கலாம். ஒவ்வொரு வாசலிலும் டிக்கெட்டில் துளை போடுவார்கள். எல்லாக் கல்லறையும் எப்போதும் திறந்திருக்காது, மாற்றி மாற்றித் திறப்பார்கள். துட்டன்காமுன், முதலாம் சேத்தி, ஐந்தாம் மற்றும் ஆறாம் ராமேசஸ் ஆகிய கல்லறைகளுக்குத் தனி டிக்கெட். அவற்றையும் முகப்பிலேயே வாங்கிவிட வேண்டும். உள்ளே போய் மனம் மாறினால் அவ்வளவு தூரம் திரும்பி வர வேண்டியதுதான்.

எந்தத் தனி டிக்கெட் வாங்கலாம்? துட்டன்காமுன் கல்லறையில் அவன் உடல் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. ஆனால் இடம் சின்னது, ஓவியம் இருப்பது ஒரே ஓர் அறையில், தங்கச் சாமான்கள் எல்லாம் கெய்ரோ பக்கம். பெயருக்காகப் போய் ஏமாந்து வருபவர்களே அதிகம். பக்கத்திலேயே இருக்கும் கே.வி.9 (கே.வி. என்பது ‘கிங்ஸ் வேலி’யின் சுருக்கம், பின்னால் வருவது கல்லறையின் எண்), அதாவது ஐந்தாம், ஆறாம் ராமேசஸ் கல்லறை, அதைவிட மலிவு. கூரை முழுக்க வான தேவதை நட் இரண்டு பக்கமும் நீண்டு கிடப்பாள், சூரியனை விழுங்கி மறுபடி பெற்றெடுப்பாள். ஒன்றே ஒன்று வாங்குவதானால் இதை வாங்குங்கள். சேத்தியின் கல்லறை பள்ளத்தாக்கிலேயே மிகச் சிறந்த புடைப்புச் சிற்ப வேலை. விலை பொது டிக்கெட்டைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பணம் இருந்தால் யோசிக்காதீர்கள்.

இப்போது வரிசை. முகப்பிலிருந்து பேட்டரி வண்டி உங்களைக் கல்லறைப் பகுதியின் தொடக்கத்தில் இறக்கிவிடும். கூட்டமாக வரும் சுற்றுலாக் குழுக்கள் வாசலுக்கு அருகில் உள்ள கே.வி.2, கே.வி.6 என்று ஆரம்பிப்பார்கள். நீங்கள் நேரே கடைசி வரை நடந்துவிடுங்கள். அங்கே, பாறைப் பிளவுக்கு மேலே, மூன்றாம் துட்மோஸின் கல்லறை கே.வி.34. முதலில் இரும்புப் படிகளில் மேலே ஏற வேண்டும், அப்புறம் பாறைக்குள் செங்குத்தாக இறங்க வேண்டும். காலில் தெம்பும் காற்றில் குளிர்ச்சியும் இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும். உள்ளே முட்டை வடிவ அறை, சுவரெல்லாம் குச்சி குச்சியாக வரைந்த உருவங்கள், பாப்பிரஸ் சுருளை அப்படியே விரித்து ஒட்டியதுபோல. அங்கிருந்து வாசலை நோக்கித் திரும்பி வந்துகொண்டே மூன்றாம் ராமேசஸின் கே.வி.11, கடைசியாக நான்காம் ராமேசஸின் கே.வி.2. இந்தக் கடைசிக் கல்லறையில் பாதை அகலம், சரிவு குறைவு, களைத்த கால்களுக்கு ஏற்றது.

சித்தப்பா கே.வி.34 படியைப் பார்த்துவிட்டு, “நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இந்தக் கல்லு மேல உக்காந்திருக்கேன்” என்றார். நல்ல முடிவு. முட்டிவலி, மூச்சுத்திணறல், நெஞ்சுக் கோளாறு உள்ளவர்கள் அதை விட்டுவிட்டு, மூன்று துளைகளையும் சமதளக் கல்லறைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். வருத்தப்பட ஒன்றுமில்லை, நிறங்கள் அங்கேதான் பளிச்சென்று இருக்கின்றன.

6. கல்லறைக்குள் நடந்துகொள்ளும் விதம்

பாலைவனத்தில் நிலத்தடி அறை குளுகுளுவென்று இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். நேர்மாறு. வெளியே வறண்ட சூடு, உள்ளே நூறு பேர் மூச்சு விட்ட ஈரச் சூடு. சட்டை நனைவது அங்கேதான். ஒரு கல்லறைக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து நிமிடம் நிழலில் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். ஒன்றிலிருந்து ஏறி வந்ததுமே அடுத்ததற்குள் இறங்கும்போதுதான் தலை சுற்றும்.

வழிகாட்டிகள் உள்ளே வந்து விளக்கக் கூடாது என்பது விதி. வெளியே படத்தைக் காட்டிச் சொல்லி அனுப்புவார்கள். அதனால் என்ன பார்க்கப்போகிறோம் என்று முந்தின இரவே ஓட்டமாகப் படித்து வைப்பது நல்லது. செல்போனில் படம் எடுக்கலாம், பிளாஷ் கூடாது. தனிக் கேமராவுக்கு அனுமதிக் கட்டணம் உண்டா என்று முகப்பிலேயே கேளுங்கள்.

சுவரில் சாயாதீர்கள், முதுகுப்பையை முன்னால் மாட்டுங்கள். திரும்பும்போது பை உரசுவது நமக்குத் தெரியாது. கே.வி.9 சுவர்களில் கிரேக்கரும் ரோமரும் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முன் வந்த சுற்றுலாக்காரர்கள். அவர்களுடையது இன்று ஆவணம், நாம் செய்தால் போலீஸ்.

7. ஒன்பது மணி முதல் நண்பகல் வரை

எட்டே முக்கால், ஒன்பதுக்குப் பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பி ஹட்செப்சுட் கோயிலுக்கு வாருங்கள். முதலில் இதைப் பார்த்துவிட்டுப் பள்ளத்தாக்குக்குப் போகலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். இந்தக் கோயில் கிழக்கு பார்த்தது; விடிகாலை வெயில் நேராகத் தூண் வரிசைக்குள்ளேயே விழும். சூரியன் ஏற ஏறத்தான் தாழ்வாரத்தில் நிழல் கூடும். முன்வெளியும் சரிவுப் பாதையும் மட்டும் வெட்டவெளி, துண்டை நனைத்துப் போட்டுக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுங்கள். நடு அடுக்கில் இடது பக்கம் புன்ட் என்ற பழங்கால நாட்டுக்குப் போன கடல் பயணச் சிற்பங்கள்: கப்பலில் மரக்கன்றுகளை வேரோடு கூடையில் வைத்துத் தூக்கி வருவார்கள். வலது பக்கம் அனுபிஸ் சன்னிதியில் நிறம் இன்னும் இருக்கிறது. பெரும்பாலோர் நேரே மேல் அடுக்குக்கு ஏறிவிட்டு இரண்டையும் தவற விடுகிறார்கள்.

அடுத்தது மெதினெட் ஹாபு. மூன்றாம் ராமேசஸின் கோயில். உயர்ந்த சுவர்கள், கூரையுள்ள தாழ்வாரங்கள், அண்ணாந்து பார்த்தால் கூரையின் அடியில் நீலமும் சிவப்பும். வெட்டிக் குவித்த எதிரிகளின் கைகளை எழுத்தர்கள் எண்ணும் காட்சியும் உண்டு. கூட்டம் குறைவு. என்னைக் கேட்டால் மேற்குக் கரையில் மிகவும் பிடித்தது இதுதான்.

இதற்கு டிக்கெட்டை எங்கே வாங்குவது என்பதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். மெதினெட் ஹாபு, ராமேசியம், தெயிர் எல்-மெதினா போன்ற இடங்களுக்குக் கோயில் வாசலில் வாங்கும் வழக்கம் இல்லை. சாலையோரம் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெரிய மெம்னன் சிலைகளைத் தாண்டி வரும் சந்திப்பில் பொது டிக்கெட் அலுவலகம் ஒன்று இருக்கிறது, அங்கே வாங்க வேண்டும். ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பன்னிரண்டு அடித்தால் அறைக்குத் திரும்புங்கள். வழியில் மெம்னன் சிலைகளுக்கு ஐந்து நிமிடம் போதும், டிக்கெட் கிடையாது. பன்னிரண்டு முதல் நான்கு வரை சாப்பாடு, தூக்கம். “இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டு தூங்குறதா?” என்று வீட்டில் ஒருவர் கேட்பார். சமாளியுங்கள்.

8. தண்ணீர்: சென்னை வெயில் பழக்கம் இங்கே ஏமாற்றும்

நம்மூரில் வேர்வை வழிந்தால் குடிக்கத் தோன்றும். லக்ஸரில் வேர்வை வெளியே வந்த நொடியே ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும், “வேர்க்கவே இல்லையே” என்று நினைப்போம். சாயங்காலம் கருப்புச் சட்டையைக் கழற்றினால் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு தெரியும். அன்று இழந்தது அவ்வளவு.

ஆகவே தாகத்தை நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்துக் குடியுங்கள்: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து வாய். காலைச் சுற்றுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் வண்டியில் இருக்க வேண்டும். அதில் ஒரு லிட்டரில் ஓ.ஆர்.எஸ். கலந்துவிடுங்கள், உப்பும் சேர்ந்துதான் போகிறது, வெறும் தண்ணீர் அதை ஈடு செய்யாது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், மூடி உடைபடும் சத்தம் கேட்கும் பாட்டில்தான் வாங்க வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று அர்த்தம். கழிவறை தேட வேண்டுமே என்று குடிக்காமல் இருப்பவர்கள், குறிப்பாக நம் அம்மாக்கள், சித்திகள்தான் முதலில் சோர்ந்து விழுகிறார்கள். முகப்புகளில் கழிவறை இருக்கிறது, அதைச் சொல்லியே குடிக்க வைக்க வேண்டும்.

தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் சுற்றுவதை அன்றைக்கு நிறுத்திவிட்டு நிழலில் படுக்க வையுங்கள். பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நடை தள்ளாடினாலோ அது வெப்ப மயக்கத்தைத் தாண்டிய அவசரம். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 123-ஐ அழையுங்கள். எகிப்தின் ஆம்புலன்ஸ் எண் அது. நினைவு சரியாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

9. பக்ஷீஷ்: எப்போது, எவ்வளவு

கல்லறைக் காவலர் ஒரு அட்டைத் துண்டைக் கையில் திணிப்பார். பிஸ்கட் பெட்டியிலிருந்து கிழித்த சாதாரண அட்டை. அதுதான் உள்ளே விசிறி. வெளியே வரும்போது அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு அப்படியே கையை நீட்டியபடி நிற்பார். 10 அல்லது 20 பவுண்டு கொடுத்தால் போதும். அந்தப் புழுக்கத்தில் அந்த அட்டைக்கு நான் மனமாரக் கொடுப்பேன்.

“இங்கே வாங்க, ஸ்பெஷல்” என்று கயிற்றைத் தூக்கி உள்ளே அழைத்தால் போகாதீர்கள். அது விதிமீறல், அதற்குக் கேட்கும் தொகையும் பெரிது. விற்பவர்களிடம் “லா, ஷுக்ரான்” (வேண்டாம், நன்றி) என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். நின்று சிரித்து விலை கேட்டால் வாங்குவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். சந்தைக்குள் புகுந்துதான் வெளியே வர வேண்டும் என்பதுபோல் வழியை அமைத்திருக்கிறார்கள், என்ன செய்வது.

10. இரண்டாம் நாள்: கர்னக்

இதுவும் ஆறு மணிக்குத்தான். எட்டு மணிக்கெல்லாம் நைல் சுற்றுலாக் கப்பல் குழுக்கள் வந்து இறங்கிவிடும். நுழைந்ததும் நேரே பெரிய தூண் மண்டபத்துக்குப் போங்கள். 134 தூண்கள், நடு வரிசைப் பன்னிரண்டும் 21 மீட்டர் உயரம். ஆளில்லாத மண்டபத்தில் இருபது நிமிடம் இருந்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும், அங்கேயே மணிக்கணக்கில் நிற்பதுதான் தப்பு. இந்த மண்டபத்தில் எப்போதும் எங்காவது ஒரு தூணின் நிழல் இருக்கும், திரும்ப வரலாம். திறந்த வெளிகளை வெயில் ஏறும் முன் முடித்துவிட வேண்டும்: ஹட்செப்சுட்டின் ஒற்றைக்கல் தூண், புனிதக் குளம், மூன்றாம் துட்மோஸின் விழா மண்டபம். குளக்கரையில் கல் வண்டு ஒன்றை ஆட்கள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்பார்கள், நவக்கிரகத்தைச் சுற்றுவதுபோல. வேண்டுதல் பலிக்குமாம்.

எட்டரைக்குத் தூண் மண்டபத்துக்குத் திரும்பி, நிழலில் உட்கார்ந்து சிற்பங்களை நிதானமாகப் பாருங்கள். ஒன்பதரைக்குள் வெளியே. கர்னக்கையும் லக்ஸர் கோயிலையும் இணைக்கும் 2.7 கிலோமீட்டர் ஸ்பிங்க்ஸ் பாதை 2021-இல் திறக்கப்பட்டது. நடந்தே போய்விடலாம் என்று தோன்றும். நிழலே கிடையாது, பகலில் வேண்டாம். மதியம் லக்ஸர் அருங்காட்சியகம் போகலாம், குளிர்சாதனம் உண்டு. நடுவில் மூடுவார்களா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

11. ஒரே நாள்தான் இருக்கிறது என்றால்

செங்கடல் பக்கமுள்ள ஹுர்காடாவிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் நிலை இதுதான். வந்து சேரும்போதே வெயில் ஏறியிருக்கும். பெரும்பாலான குழுக்கள் முதலில் கர்னக்குக்குக் கொண்டுபோய், பள்ளத்தாக்கை நண்பகலில் தள்ளுகின்றன. தனி வண்டி என்றால் மாற்றிக் கேளுங்கள்: நேரே பள்ளத்தாக்கு, அதில் இரண்டு கல்லறை மட்டும், அப்புறம் ஹட்செப்சுட் கோயிலின் தாழ்வாரம், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, மூன்று மணி வரை எழுந்திருக்காதீர்கள். மூன்றரைக்குக் கர்னக். டிக்கெட் கவுன்ட்டர் மூடும் நேரத்தை மட்டும் ஓட்டுநரிடம் காலையிலேயே கேட்டுவிடுங்கள், கோயில் மூடுவதற்கு முன்பே அது மூடிவிடும்.